கிழித்த ஏடும் கட்டிய தொகுதியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'நான் சேர்த்த நூல்கள்' என்னும் பொதுத் தலைப்பில் நால்வர் பேசுவதாக அழைப்பிதழ் கூறுகிறது. தமிழ் விரிவுரையாளர் ஒருத்தி மேடையேறினால் சங்க நூல்களின் முதற்பதிப்புகளைப் பற்றித்தான் பேசுவாள் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் பேச எடுத்துக்கொண்டதோ பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பட இதழ்களின் கட்டடம் செய்யப்பட்ட தொகுதிகள். இஃது என்ன விந்தை என்று எண்ண வேண்டா. அத்தொகுதிகளிடம் நான் போய்ச் சேர்ந்தது ஒரு பிழையின் வழியாக. முனைவர் பட்டம் பெற்று, மாணவர்க்குப் 'பாடலை இடம் நோக்கிப் பொருள் கொள்க' என்று ஆண்டுதோறும் கற்பித்துவந்த நான், அந்த விதியையே மறந்து செய்த பிழை அது. அதனை உங்கள் முன் ஒப்புக்கொள்ளவே இந்த உரை.

சட்டத்துக்குள் ஒரு கங்கை

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ் கற்பிக்கும் வாய்ப்பு எனக்கு ஈராண்டு கிட்டியது. நான் தங்கியிருந்த நியூ இங்கிலாந்துப் பகுதியில் பழைய களஞ்சியக் கொட்டகைகளைப் பழம்பொருள் கடைகளாக மாற்றியிருப்பார்கள். அப்படியொரு கடையில், பழைய தாள்களை மெல்லிய நெகிழி உறைகளில் இட்டு, பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தனர். அவற்றுள் ஒன்றின் தலைப்பு என்னை நிறுத்திவிட்டது. 'அமெரிக்கக் கங்கையாறு' என்பது அதன் பொருள். ஆற்றிலிருந்து முதலைகள் கரையேறுகின்றன. கரையில் குழந்தைகள் அஞ்சி நடுங்குகின்றனர். 1871ஆம் ஆண்டு 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் வந்தது என்று உறையின்மேல் பென்சிலால் குறித்திருந்தார்கள்.

கடல் கடந்து வந்த ஊரில் கங்கை என்ற சொல்லைக் கண்டால் யாருக்குத்தான் மனம் துள்ளாது? வாங்கினேன். சட்டமிட்டு என் அறைச் சுவரில் மாட்டினேன். வந்தவர்களிடமெல்லாம், 'நம் நாட்டை இவர்கள் அன்று எவ்வளவு இழிவாக எண்ணினார்கள், பாருங்கள்' என்று விளக்கமும் சொன்னேன். ஓராண்டு சொன்னேன். வகுப்பிலும் ஒரு முறை சொன்னேன்.

ஒரு நாள் மாலை, உடன் பணியாற்றிய வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். என் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அம்மையீர், முதலைகளின் வாயைச் சற்று உற்றுப் பாருங்கள்' என்றார். பார்த்தேன். அவை முதலை வாய்களே அல்ல. கத்தோலிக்க ஆயர்கள் அணியும் கூர்முடிகள்! முதலைகளாக ஊர்ந்து வருவோர் ஆயர்கள். பின்னே இடிந்து நிற்பது அமெரிக்கப் பொதுப்பள்ளி. அதன் கொடி தலைகீழாகப் பறக்கிறது. 'இந்தப் படத்தை நீங்கள் தொகுதியோடு பார்க்க வேண்டும்' என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையிலேயே நூலகத்துக்குச் சென்றேன்.

என் பிழை என்னவென்று இனிமேல் சொல்கிறேன். அதற்கு முன், இந்த இதழ்கள் எத்தகையவை என்று சிறிது கூறியாக வேண்டும்.

ஒரே சட்டத்தில் படமும் சொல்லும்

செய்தியைப் படத்தோடு தரும் கிழமை இதழுக்கு முன்னோடி 1842இல் தோன்றிய 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்'. அதன் செதுக்குக்கூடத்தில் பணியாற்றிய ஹென்றி கார்ட்டர் என்னும் ஆங்கிலேயர் 1848இல் அமெரிக்கா சென்றார். ஃபிராங்க் லெஸ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டார். பாஸ்டனில் 1851இல் தோன்றிய 'கிளீசன்ஸ் பிக்டோரியல்' இதழில் பணிபுரிந்து, 1855 டிசம்பரில் நியூயார்க்கில் தம் பெயராலேயே பட இதழ் ஒன்றைத் தொடங்கினார். ஈராண்டு கழியுமுன், 1857 ஜனவரி 3 அன்று, ஹார்ப்பர் சகோதரர்களின் பதிப்பகத்திலிருந்து 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' வெளிவந்தது. கிழமைக்கு 16 பக்கம். விலை 5 சென்ட். இவை இரண்டும் எதிர்த்து நின்று போட்டியிட்ட காலமே அமெரிக்கப் பட இதழியலின் பொற்காலம் எனலாம்.

அன்று ஒளிப்படம் இருந்தது. ஆனால் அதனை எழுத்தோடு சேர்த்து அச்சிடும் வழி இல்லை. ஓடும் குதிரையையும் வெடிக்கும் குண்டையும் பிடிக்கும் விரைவும் அதற்கு இல்லை. ஆகவே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது ஓவியர்களே போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டனர். ஆல்ஃபிரட் வாட் என்பவர் களத்தில் பென்சிலால் வரைந்த கோட்டோவியங்கள் நியூயார்க் அலுவலகத்துக்கு வந்து சேரும். அங்கே அவற்றை மரக்கட்டையின்மேல் இடவலம் மாற்றி மீண்டும் வரைவார்கள். அந்த மரத்தை நாம் நின்று கவனிக்க வேண்டும்.

பாக்ஸ் என்னும் மரம் மிக நெருங்கிய இழை உடையது, மெல்ல வளர்வது, அடிமரமும் பெரிதாகப் பருக்காது. அதனைக் குறுக்கே அறுத்து, இழையின் முனைப்புறத்தில் செதுக்கும் முறையை இங்கிலாந்தில் தாமஸ் பீவிக் செம்மைப்படுத்தினார். கட்டை சிறியது, இதழின் பக்கமோ பெரியது. ஆகவே பல சிறு கட்டைகளைத் திருகாணியால் இணைத்து ஒரு பெரும் பரப்பாக்கினர். படம் வரைந்தபின் அதைப் பிரித்து, துண்டுக்கு ஒருவராகச் செதுக்குநரிடம் தருவர். ஒருவர் வானத்தைச் செதுக்குவார். இன்னொருவர் குதிரையின் காலைச் செதுக்குவார். மீண்டும் இணைத்து, அதிலிருந்து மின்முறையில் செப்புத் தகடு எடுத்து அச்சேற்றுவர். இன்றும் அந்தத் தாள்களை ஒளியில் சாய்த்துப் பார்த்தால், படத்தின் குறுக்கே முடியளவு வெள்ளைக் கோடுகள் தெரியும். கட்டைகள் சேர்ந்த இடம் அது. வரைந்தவர் பெயர் பெரும்பாலும் நிற்கும். வானத்தைச் செதுக்கியவரின் பெயரை யார் அறிவார்?

இந்த முறையின் உயிர்நிலை ஒன்றுண்டு. மரச்செதுக்கின் மேடு, ஈய எழுத்தின் மேட்டோடு ஒரே உயரமாக நிற்கும். ஆகவே படத்தையும் எழுத்தையும் ஒரே இரும்புச் சட்டத்தில் இறுக்கி, ஒரே அழுத்தத்தில் அச்சிட முடிந்தது. செப்புப் பட்டயச் செதுக்குக்கோ கல்லச்சுக்கோ அது இயலாது. அவற்றைத் தனித் தாளில் அச்சிட்டு இடையில் செருக வேண்டும். பட இதழில் படமும் சொல்லும் பிறக்கும்போதே உடன்பிறந்தவை. அவற்றைப் பிரிக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கட்டியவரும் கழித்தவையும்

கிழமைக்கு 16 பக்கம் என்றால் 52 கிழமைக்கு 832 பக்கம். துணை இதழ்கள் சேர்ந்த ஆண்டுகளில் இன்னும் மிகும். ஆண்டு முடிவில் முகப்புத் தாளையும் பொருளடைவையும் பதிப்பாளர்களே அச்சிட்டுத் தருவார்கள். துணி போர்த்த அட்டைகளையும் விற்பார்கள். குடும்பத்தார் இதழ்களைச் சேர்த்துப் பைண்டரிடம் கொடுப்பார்கள். 'ஹார்ப்பர்ஸ் மந்த்லி' போன்ற திங்களிதழ்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தொகுதியாகக் கட்டப்பட்டன. இன்று நம் கைக்குக் கிடைப்பவை இப்படிக் கட்டப்பட்டவையே. கட்டாத தனி இதழ்கள் பெரும்பாலும் அடுப்புக்கும் பொட்டலத்துக்கும் போயின.

எனவே பைண்டரே இவ்விதழ்களின் காவலர். ஆனால் அவரும் ஓர் இழப்பைச் செய்தார். திங்களிதழ்களின் வண்ண மேலுறைகளையும் முன்னும் பின்னும் இருந்த விளம்பரப் பக்கங்களையும் கழற்றி எறிந்துவிட்டார். 'இலக்கியம் இருக்கட்டும், சோப்பு விளம்பரம் எதற்கு?' என்று எண்ணியிருப்பார். இன்றைய ஆய்வாளர்க்கு அந்தச் சோப்பு விளம்பரம்தான் வேண்டும்! அன்றைய வீட்டில் என்ன இருந்தது, பெண் எதை வாங்கினாள், எதற்கு ஆசைப்பட்டாள் என்பதெல்லாம் அங்கேதான் இருந்தன. ஆகவே திங்களிதழ் சேர்ப்போர், உறையும் விளம்பரமும் கூடிய தொகுதி கிடைத்தால் புதையல் கிடைத்தாற்போல் மகிழ்வர்.

பெண் என்றதும் இருவரை நினைவுகூர வேண்டும். 1830இல் பிலடெல்பியாவில் தொடங்கிய 'கோடேஸ் லேடீஸ் புக்' என்னும் மகளிர் இதழுக்கு 1837 முதல் 1877 வரை சாரா ஜோசஃபா ஹேல் ஆசிரியராக இருந்தார். கைம்பெண், ஐந்து குழந்தைகளின் தாய். அவ்விதழின் ஆடைப் படங்களுக்கு ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டியவர்கள் பெண்களே. போர் மூண்ட ஆண்டுகளிலும் அப்பக்கங்களில் போரின் சுவடு அரிது. அரசியலைத் தொடுவதில்லை என்பது உரிமையாளரின் கொள்கை. 1863ஆம் ஆண்டின் ஹார்ப்பர்ஸ் தொகுதியையும் கோடேஸ் தொகுதியையும் அருகருகே விரித்துவைத்தால், ஒரே நாடு இரு வேறு நாடுகளாகத் தோன்றும்.

மற்றொருவர் மிரியம் லெஸ்லி. 1880இல் கணவர் ஃபிராங்க் லெஸ்லி பெருங்கடன் விட்டு மறைந்தபோது, இதழ் நிறுவனத்தை ஏற்று நிமிர்த்தியவர். சட்டப்படி தம் பெயரையே ஃபிராங்க் லெஸ்லி என்று மாற்றிக்கொண்டு நடத்தினார். 1914இல் மறைந்தபோது, தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பெண்கள் வாக்குரிமைக்காகக் கேரி சாப்மன் கேட் அம்மையாரிடம் ஒப்படைக்குமாறு உயில் எழுதியிருந்தார். உறவினர் வழக்குகளில் கரைந்ததுபோக எஞ்சிய தொகையும், 1920இல் வாக்குரிமையை வென்ற இயக்கத்துக்குக் கைகொடுத்தது. பட இதழ் ஈட்டிய காசு பெண்ணின் வாக்குச்சீட்டாக மாறியது!

உடைப்போர்

இனி வேதனையான செய்திக்கு வருகிறேன். பழந்தொகுதியை விலைக்கு வாங்கி, தாள் தாளாகப் பிரித்து விற்போரை அந்த வணிகத்தில் 'உடைப்போர்' என்றே சொல்வர். ஒரு தொகுதிக்குள் விற்கத்தக்க படத்தாள்கள் பல பத்து இருக்கும். தனித்தனியே விற்றால் முழுத் தொகுதியின் விலையைவிடப் பன்மடங்கு கிடைக்கும். வின்ஸ்லோ ஹோமர் வரைந்த தாள் முதலில் போகும். நாஸ்டின் கிறிஸ்துமஸ் தாத்தா அடுத்துப் போவார். ஆடைப்படம், கப்பற்படம், தங்கள் ஊர்க் காட்சி என்று வாங்குவோர் விருப்பப்படி போய், எஞ்சும் எழுத்துப் பக்கங்கள் குப்பைக்குப் போகும். கறுப்பு வெள்ளையாய் அச்சிட்ட தாளுக்குப் புதிதாக வண்ணம் பூசி விற்பதும் உண்டு.

இதனால் இழப்பது என்ன? ஒரு சான்று போதும்.

1863 ஜூலை 4ஆம் நாளிட்ட ஹார்ப்பர்ஸ் வீக்லியில், ஒளிப்படங்களைப் பார்த்துச் செதுக்கிய மூன்று படங்கள் ஒரே பக்கத்தில் வரிசையாக உள்ளன. தென்பகுதித் தோட்டம் ஒன்றில் அடிமைப்பட்டிருந்து தப்பி, லூசியானாவில் ஒன்றியப் படையின் முகாமை அடைந்த கார்டன் என்பவரின் படங்கள் அவை என்கிறது இதழ். இடப்பக்கம் கந்தல் உடையில் வந்து அமர்ந்திருக்கும் தோற்றம். நடுவில் சவுக்கடித் தழும்புகள் வேரோடியதுபோல் பரந்த முதுகு. வலப்பக்கம் படைவீரர் சீருடையில் அவர்.

நடுப்படம் உலகெங்கும் பரவியது. இன்றும் அடிமைமுறையைப் பற்றிய நூல்களில் அந்த முதுகுதான் இடம்பெறுகிறது. அது தனியே நிற்கும்போது நமக்கு இரக்கம் பிறக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதோ வேறொன்று நிகழ்கிறது. முதுகு காட்டியவர் அடுத்த கணமே நம் பக்கம் திரும்பி, துப்பாக்கி ஏந்தி நிற்கிறார். இரங்கத்தக்கவராக இருந்தவர் எதிர்த்து நிற்பவராகிறார். நாட்டின் விடுதலை நாளிட்ட இதழில் அந்த வரிசையை வைத்தவர் அறியாமல் வைத்திருப்பாரா?

இன்னொன்றும் உண்டு. மூன்று படங்களிலும் இருப்பவர் ஒருவர் அல்லர், இருவர் வரலாற்றை இதழ் ஒன்றாக்கிவிட்டது என்று அண்மைக்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அந்த ஐயமும் முழுப் பக்கம் நம் முன் இருப்பதால்தான் எழுகிறது. ஆக, இதழ் சொன்ன உண்மையை அறியவும் தொகுதி வேண்டும். இதழ் செய்த பிழையைக் கண்டுபிடிக்கவும் தொகுதியே வேண்டும்.

நான் கண்ட 1871

நூலகத்தில் 1871ஆம் ஆண்டுத் தொகுதியைக் கேட்டேன். அகன்ற மேசைமேல் நுரையணை இட்டு, அதன்மேல் தொகுதியை விரித்துத் தந்தார்கள். தோல் முதுகு செந்தூளாக உதிர்ந்து என் உள்ளங்கையில் ஒட்டியது. என் படம் எங்கே என்று தேடாமல், தொடக்கத்திலிருந்தே புரட்டலானேன்.

தாமஸ் நாஸ்ட் அவ்வாண்டு முழுவதும் ஒரே ஒருவனைத் துரத்திக்கொண்டிருந்தார். நியூயார்க் நகராட்சியைக் கொள்ளையிட்ட 'டாமனி ஹால்' கும்பலின் தலைவன் வில்லியம் ட்வீட்தான் அவன். இதழுக்கு இதழ் அவன் வயிறு பெருக்கிறது. மார்பில் அணிந்த வைரம் ஒளிர்கிறது. ஜூலை 12 அன்று நியூயார்க்கில் அயர்லாந்துப் புராட்டஸ்டண்டுகளின் ஊர்வலத்தை ஒட்டி எழுந்த கலவரத்தில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் கத்தோலிக்கர்; படையினர் சுட்டதில் வீழ்ந்தோரே மிகுதி. இதழின் சினமோ மாண்டவர்மேலேயே பாய்கிறது. டாமனி ஹாலுக்கு அயர்லாந்துக் கத்தோலிக்கரின் வாக்கு அரணாக இருந்தமையால், ஊழல்மீது கொண்ட சினமும் மதத்தின்மீது கொண்ட வெறுப்பும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பொதுப்பள்ளிகளின் பணம் சமயப் பள்ளிகளுக்குப் போகிறது என்ற பூசல் அந்நெருப்பில் நெய் வார்த்தது.

செப்டம்பர் 30ஆம் நாளிட்ட இதழில் என் படம் வந்தது. இப்போது அதில் எல்லாம் தெரிந்தன. பாறை உச்சியில் நின்று குழந்தைகளை முதலைகளிடம் இறக்குவோர் ட்வீட் கூட்டத்தார். அக்கரையில் தெரிவது டாமனி ஹால். முதலைகள் முன்னே குழந்தைகளைக் காத்து நிற்பவர் ஓர் ஆசிரியர். ஓராண்டாக என் சுவரில் இருந்த படம்தான். ஆயினும் அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். அடுத்தடுத்துப் புரட்டினால் அக்டோபர்த் தீயில் சிகாகோ நகரம் எரிகிறது. நவம்பர்த் தேர்தலில் ட்வீட்டின் கூட்டம் வீழ்கிறது.

கங்கை எங்கிருந்து வந்தது? இந்தியத் தாய்மார் தம் குழந்தைகளைக் கங்கையில் முதலைகளுக்கு எறிகின்றனர் என்ற கதையைச் சமயப் பரப்பாளரின் சிற்றேடுகள் அமெரிக்க இல்லந்தோறும் கொண்டுசேர்த்திருந்தன. பார்த்தவுடன் எவர்க்கும் விளங்கும் உவமை என்பதால் நாஸ்ட் அதை எடுத்துக்கொண்டார். ஒரு மக்களைப் பற்றிய அவதூறு, இன்னொரு மக்களைத் தூற்ற உவமையாயிற்று. நாமெல்லாம் உவமை வல்லோம் என்று நினைப்பவர்கள். உவமானத்துக்கு ஓர் ஊர் இருக்கிறது, அங்கே மாந்தர் வாழ்கிறார்கள் என்பதை நாஸ்ட் எண்ணவில்லை. உவமேயத்தில் மாந்தர் வதைபடுவதை நான் எண்ணவில்லை. நம் நாட்டை இழித்த படம் என்று பொருமினேனே தவிர, அதில் உண்மையாகவே முதலையாக்கப்பட்டவர் யார் என்று கேட்கவில்லை. இதுவே என் பிழை.

அதே நாஸ்ட் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைக்காகவும், தாக்கப்பட்ட சீனர்க்காகவும் வரைந்தவர். அதே கை அயர்லாந்து மக்களைக் குரங்கு முகத்தோடும் வரைந்தது. தனித்தாள் சேர்ப்பவர் தமக்குப் பிடித்த நாஸ்டை மட்டும் சுவரில் மாட்டலாம். தொகுதி வைத்திருப்பவர்க்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு பக்கத்தில் வணங்கியவரை மறு பக்கத்தில் கண்டு வருந்த வேண்டும். அதுதான் வரலாற்றோடு வாழ்வது.

தாளின் ஆயுள்

'இவையெல்லாம் இப்போது கணினியில் கிடைக்கின்றனவே?' என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கின்றன, அதற்கு நன்றி சொல்வோம். கார்னெல், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் 1995 அளவிலேயே பழைய இதழ்களை மின்படியாக்கத் தொடங்கின. தேதியும் சொல்லும் தேட அதைப்போல் வேறு துணையில்லை. நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் படியெடுத்தவை பெரும்பாலும் நூலகத்துக் கட்டடத் தொகுதிகளே. பைண்டர் எறிந்த விளம்பரம் அங்கும் இல்லை. பக்கத்தின் அளவும் திரையில் சுருங்கிவிடுகிறது. ஹோமர் 1873 செப்டம்பர் 20 இதழின் நடுவிரிப்பில் இரு பக்கம் பரவ வரைந்த, சிறுவர் கைகோத்து ஓடும் விளையாட்டைத் திரையில் பார்த்தால் படம் தெரியும். இரு கைகளையும் அகல விரித்துப் பக்கத்தைத் திறக்கும் அந்த வியப்பு தெரியாது.

படி இருக்கிறதே என்று மூலத்தை விடுவதன் தீங்கை அமெரிக்கா முன்னரே கண்டது. இருபதாம் நூற்றாண்டில் நுண்படச் சுருள் எடுத்தபின் பல நூலகங்கள் கட்டடத் தொகுதிகளைக் கழித்துவிட்டன. அவற்றுள் பல உடைப்போர் கைக்குப் போயின. இதைக் கண்டித்து நிக்கல்சன் பேக்கர் என்னும் எழுத்தாளர் 2001இல் ஒரு நூலே எழுதினார். பிரிட்டிஷ் நூலகம் கழித்த அமெரிக்கச் செய்தித்தாள் தொகுதிகளைத் தம் பொறுப்பில் விலைக்கு வாங்கிக் காத்தார். அவை 2004இல் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன.

தாளைப் பற்றி வியப்பான ஒன்று. மூத்த தொகுதிதான் திடமாக இருக்கும்! 1860களின் தாள் பெரும்பாலும் கந்தைத் துணியால் ஆனது. இன்றும் மடித்தால் மடியும். அதன்பின் மரக்கூழ் கலந்தது, அமிலம் சேர்ந்தது. 1890களின் தாள் பழுத்து, தொட்டால் ஒடிகிறது. அதே காலத்தில் ஹாஃப்டோன் முறை வந்து ஒளிப்படத்தை நேரே அச்சேற்ற, மரச்செதுக்குக் கலையும் தளர்ந்தது. 'செஞ்சுரி' இதழுக்காகத் தொல்லோவியங்களை மரத்தில் செதுக்கிய திமத்தி கோல் 1931இல் மறைந்தபோது, அந்தக் கலையின் கடைசிப் பெருங்கைகளுள் ஒன்று ஓய்ந்தது.

மீண்டும் அந்தக் கடைக்கு

நூலகத்திலிருந்து திரும்பியதும் சுவரிலிருந்த படத்தைக் கழற்றினேன். அந்த வார இறுதியில் அதே பழம்பொருள் கடைக்குச் சென்றேன். 'இந்தத் தாளை எந்தத் தொகுதியிலிருந்து எடுத்தீர்கள்?' என்று கேட்டேன். கடைக்காரர் முதியவர், நல்லவர். எதையும் மறைக்கவில்லை. பின்கட்டுக்கு அழைத்துப் போய் ஒரு மேசையின் கீழிருந்து இழுத்துப் போட்டார். அட்டைகள் இரண்டு. நடுவே தைத்த நூல். பாதித் தாள்கள் இருந்தன. பாதித் தாள்கள் இருந்த இடத்தில் விரற்கடை அகல ஓரங்கள் மட்டும் எழுந்து நின்றன. இன்னும் எறியவில்லை, அவ்வளவுதான். 'நீங்கள் வாங்குகிறீர்கள், அதனால் நான் பிரிக்கிறேன்' என்று சொன்னார். குற்றம்சாட்டும் குரலில் அன்று. வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு மறுமொழி இல்லை.

எஞ்சியதை அப்படியே வாங்கிக்கொண்டேன். வீட்டில் மேசைமேல் கிடத்தி, என் தாளை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தேன். தொகுதியின் கீழ்மூலையில் என்றோ நீர் பட்ட கறை ஒன்று அலைபோல ஓடியிருந்தது. என் தாளின் மூலையிலும் அதே அலை இருந்தது. சட்டத்தின் ஓரம் அதனை ஓராண்டாக மறைத்திருந்தது. முன்தாளின் கறையோடும் பின்தாளின் கறையோடும் அது பொருந்தி நின்றபோது என் கண் கலங்கிற்று என்றால் மிகையன்று.

பசையிட்டு ஒட்டவில்லை. பசையும் ஒட்டுநாடாவும் தாளுக்குப் பகை. இடத்தில் செருகிவைத்தேன், அவ்வளவே. பின்னர் எண்ணிப் பார்த்து, இல்லாத பக்கங்களின் எண்களை அமிலமற்ற துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி முன்அட்டைக்குள் வைத்தேன். அதுவே என் முதல் தொகுதி. இன்று என்னிடம் ஒன்பது தொகுதிகள் உள்ளன. ஒன்றுகூட முழுமையானதன்று. முழுமையானவற்றுக்குக் காப்போர் உண்டு. குறையுடையவைதாம் உடைப்போரிடம் போகின்றன. குறையுள்ளதை வாங்குவதே என்னாலான கைம்மாறு.

இல்லாத பக்கங்களை எழுதிவைக்கும்போது எனக்குப் புறநானூறு நினைவுக்கு வந்தது. அதில் 267, 268ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அந்த எண்கள் இருக்கின்றன. 266க்குப் பின் அடுத்துக் கிடைத்ததை 267 என்று எண்ணி இடைவெளியை மூடிவிடவில்லை. 'இங்கே இரண்டு இருந்தன' என்று அந்த வெற்றிடம் இன்றும் சொல்கிறது. இழந்ததை மீட்க முடியாதபோதும், இழந்தோம் என்பதை மறைக்காமல் இருக்கலாம். அதுவும் ஒரு காப்பே.

கவிஞர் பெருமக்களே! நிறைவாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் வட்டம் பத்தாண்டுகளாக வெளியிட்டுவரும் மாத மடல்கள் நம் அனைவர் வீட்டிலும் சிதறிக் கிடக்கின்றன. தத்தம் கவிதை வந்த பக்கத்தை மட்டும் கத்தரித்துக் கோப்பில் வைத்திருப்போர் நம்முள் பலர். நானும் அப்படி வைத்திருந்தவளே. அருள்கூர்ந்து அந்த மடல்களை முழுமையாகத் தாருங்கள். ஆண்டுக்கொன்றாகக் கட்டடம் செய்வோம். பைண்டரிடம் கொடுக்கும்போது, மேலுறையைக் கழற்ற வேண்டா, கடைசிப் பக்கத்து அச்சக விளம்பரத்தையும் சேர்த்துத் தையுங்கள் என்று சொல்வோம். கிடைக்காத மடலின் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வைப்போம். நம் கவிதை எந்தக் கூட்ட அறிவிப்புக்கு அருகில், எந்த இரங்கற் குறிப்புக்கு மேலே, எவர் கவிதைக்கு எதிரே நின்றது என்பதை, நாளை நம்மைப் படிக்க வருகிற ஒருத்தி தேடுவாள். அவள் என்னைப் போல் ஓராண்டு தவறாகப் படிக்காதிருக்கட்டும்.